தைலானின் இடப்பக்கம்

வடகரை மீத்தேன் நிலையம், டைட்டன்
பணிக்குறிப்பு. எழுதுபவர்: தவசிமுத்து, ஏரி வேதியியலாளர்

புரட்டாசி 11, காலை 06:40

வெளி வெப்பம் மைனஸ் 179. காற்றழுத்தம் பூமியில் உள்ளதைப்போல ஒன்றரை மடங்கு. காற்று வீச்சு இல்லை. மஞ்சள் மூட்டம்; நானூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கண்மாயில் அலை இல்லை. மாதிரி மூன்று எடுத்தேன். ஈத்தேன் அளவு போன வாரத்தைவிடச் சற்றுக் கூடுதல். இரண்டாம் பம்ப் முனகுகிறது, கிரீஸ் வைத்தேன்.

இதைப் படிப்பவர் புதியவர் என்றால் ஒரு வார்த்தை. கண்மாய் என்பது நாங்கள் வைத்த பெயர். இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் அகலத்துக்குத் திரவ மீத்தேன். கட்டையைப் போட்டால்கூட மிதக்காமல் அடிக்குப் போய்விடும், அவ்வளவு மெல்லிசான திரவம். இது வடதுருவக் கோடை, சூரியன் மறைவதில்லை. வடகரையில் நான் ஒருவன்தான். தென்கரையில் நாற்பது பேர் குடியிருக்கிறார்கள்.

இன்று பிற்பகல் விமானம் வருகிறது. பதினைந்து நாள் என் முறை.

புரட்டாசி 11, பிற்பகல் 15:20

விமானம் வந்து இறங்கியது. பெயர் தைலான், குருவி ஒன்றின் பெயர். இரண்டு பேர் உட்காரும் மின்விமானம். எனக்குப் பாதி, பிலோமினாவுக்குப் பாதி.

பிலோமி தூத்துக்குடிக்காரி. வயது முப்பத்து நான்கு. தென்கரையில் கிரேன் ஓட்டுகிறாள். இங்கே சொந்தமாக விமானம் வைத்துக்கொள்ள இரண்டு பேரின் உரிமம் வேண்டும் என்று விதி. பாகம் பாகமாக வரவழைத்து, இறக்கை கோத்து, ஒவ்வொரு திருகையும் முறுக்கியவன் நான். விதிக்காக ஒரு கையெழுத்து தேடினேன். உரிமம் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பிலோமி வந்தாள். பெயர் எழுதும்போது ஓட்டுநர் அமரும் இடப்பக்கத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன். பெருந்தன்மையாம். ஜன்னலுக்குக் கீழே இடப்பக்கம் அவள் பெயர், வலப்பக்கம் என் பெயர்.

இன்று அவள் இறக்கியதை ஜன்னல் வழியே பார்த்தேன். சக்கரம் எப்போது தரையைத் தொட்டது என்று தெரியவில்லை. பறந்துகொண்டிருந்தது, பிறகு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சாவியைக் கொடுத்துவிட்டு சரக்குப் படகில் தென்கரைக்குத் திரும்பிவிட்டாள். ஒரு டீ குடிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புரட்டாசி 15, காலை 11:05

பறப்பு நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம். இறங்கும்போது இரண்டு குதி. இடச் சக்கரத்தில் கீறல்.

தைலானுக்குள் ஒரு கணினி இருக்கிறது. ஓட்டுகிறவரின் கையைப் பழகிக்கொள்வது அதன் வேலை. யார் கை சீராக இருக்கிறதோ அந்தக் கையை நினைவில் வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினால் அதே கையாகத் தானே ஓட்டும். எங்கள் இருவர் கைக்கும் மதிப்பெண் போட்டுத் திரையில் காட்டும். அதற்குக் கைப்பொருத்தம் என்று பெயர். இன்றைய நிலவரம்: பிலோமி 93. தவசி 58.

போன முறை எனக்கு 61 இருந்தது.

ஓடுதளம் சரியில்லை, மூட்டம் சரியில்லை, சக்கரத்தில் காற்று கூடுதல் என்று மூன்று காரணம் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் வீட்டில் அந்தப் பழமொழியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஆளே நான்தான்.

எனக்குப் பொறாமை. பணிக்குறிப்பில் எழுதக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, எழுதிவிட்டேன். நான் கோத்த இறக்கை, நான் இழுத்த கம்பி. அது இன்னொருத்தி கைக்குப் பூனைக்குட்டியாக அடங்குகிறது. என் கையில் முரண்டு பிடிக்கிறது. வயிறு எரிகிறது என்பார்களே, அது வெறும் பேச்சு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நிஜமாகவே மேல்வயிற்றில் எரிகிறது. மாத்திரை போட்டேன். கேட்கவில்லை.

புரட்டாசி 19, காலை 09:30

வெப்பம், அழுத்தம் வழக்கம்போல. மாதிரி எடுக்கவில்லை.

தென்கரையிலிருந்து வந்த செய்தியை அப்படியே பதிகிறேன்.

"அண்ணாச்சி, பிலோமி பேசுதேன். தென்துருவத்துல ரேடார்ல தரைப்படம் எடுக்கிற வேலைக்கு ஆள் கேட்டாவ. சொந்த விமானம் இருக்கவங்கதான் வேணுமாம். ஆறு மாசம். தைலான கொண்டு போவட்டா? உங்க பாதியும் இருக்குல்லா, அதான் கேக்கேன். மாட்டேன்னு சொன்னாலும் கோவிக்க மாட்டேன். மனசுல பட்டதச் சொல்லுங்க."

நான் அனுப்பிய பதில்: "தாராளமாக் கொண்டு போ தாயி. இதுல கேக்க என்ன இருக்கு."

மனதில் பட்டதைச் சொல்லச் சொன்னாள். மனதில் பட்டது அதுவா? மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்றுதான் பட்டது. வைக்கோல் படப்பில் படுத்த நாய் என்று நினைப்பாள். சரியாகத்தான் நினைப்பாள்.

ஆறு மாதம். பதினைந்து நாளுக்கு ஒருமுறையே அவள் கையில் கொடுத்துவிட்டு என்னால் படுக்க முடியவில்லை.

புரட்டாசி 24, மாலை 17:00

நாளை ஆயுத பூசை. நாளை மறுநாள் விஜயதசமி. அன்று நானே ஓட்டிக்கொண்டு போய்த் தென்கரையில் ஒப்படைக்க வேண்டும்.

பறப்புக்கு முந்தைய சோதனை முழுவதையும் இன்றே முடித்தேன். பேட்டரி, உந்துவிசிறி, வால்கம்பி, காற்றழுத்தத் துளை, எல்லாம் சரி. பூசை போட்ட பிறகு வண்டியைத் தொடக்கூடாது. மறுநாள் மறுபூசை போட்டு அப்படியே எடுக்க வேண்டும். எங்கள் அப்பா பஸ் மெக்கானிக். அவர் பட்டறையில் அன்றைக்கு ஒரு ஸ்பேனரைத் தொட்டால்கூடக் கை வீங்கிவிடும், அறைந்தே வீங்க வைப்பார்.

உயரமானியைப் பற்றி ஒரு குறிப்பு. தரையை அளக்கும் ரேடார் பழுதாகி மாற்றுப்பாகத்துக்குக் காத்திருக்கிறோம். இப்போதைக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் உயரம் தெரிய வேண்டும். அதற்கான துளை மூன்று. ஊசி நுழையும் அளவு. இடப்பக்கம், ஜன்னலுக்குக் கீழே.

புரட்டாசி 25, காலை 10:15

சூடும் மூச்சுக்காற்றும் உள்ள விமானக் கொட்டகைக்குள் பூசை முடிந்தது. பூமியிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தூளில் மிச்சம் இருந்த அத்தனையையும் குழைத்தேன். மூக்குக்கு ஒரு பொட்டு, உந்துவிசிறிக்கு ஒன்று, சக்கரங்களுக்கு ஒவ்வொன்று. அதன்பிறகும் கிண்ணத்தில் கணிசமாக இருந்தது. இடப்பக்கம் போனேன். "பிலோமினா" என்று வெள்ளை எழுத்து. அதன்மேல் நான்கு விரலையும் வைத்து நீளமாக ஒரு பட்டை போட்டேன். ஒரு பட்டை போதவில்லை, இன்னொன்று. எழுத்து முழுதாக மறைந்த பிறகு நடுவில் குங்குமம் வைத்தேன். பூசைதானே, யார் கேட்பார்கள்?

பார்க்க நன்றாக இருந்தது. என் விமானமாக இருந்தது. ஐந்து நிமிடம் கதவருகே நின்று பார்த்தேன்.

திருஷ்டிக்குச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தள்ளினேன். இந்த ஊர் ஈர்ப்பில் தைலானுக்கு என்ன எடை இருக்கிறது? பழம் நசுங்கவில்லை. சக்கரம் ஏறி இறங்கியது, பழம் உருண்டு ஓடிவிட்டது. காலால் மிதித்து நசுக்கினேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். இந்தக் கரையில் கண் போடுவதற்கு இருப்பது நான் ஒரே ஆள், அது வேறு விஷயம்.

புரட்டாசி 26, காலை 08:05. விமானத்திலிருந்து

மறுபூசை ஆயிற்று. சூடம் காட்டிவிட்டு நேராக ஏறி உட்கார்ந்தேன். இனி இது பேச்சுப்பதிவு, விமானத்தின் கறுப்புப் பெட்டி எழுத்தாக்கிக்கொள்ளும். புறப்பட்டேன். பேட்டரி நூறு சதவீதம், மூன்று மணி நேரத்துக்குமேல் வரும். தென்கரைக்கு இரண்டு மணி நேரம்.

உயரமானி முள் மேலே ஏறச் சோம்பல்படுகிறது. குளிர் காரணமாக இருக்கலாம்.

08:40

உயரம் அறுநூறு. கீழே கண்மாய் இருக்கிறது என்று கணக்குதான் சொல்கிறது, கண்ணுக்கு மேலும் கீழும் ஒரே மஞ்சள். கைப்பொருத்தம் 60.

தென்கரையில் எல்லாரும் ஓடுதளத்துக்கு வந்து நிற்பார்கள். ஆறு மாதப் பயணத்துக்கு வழியனுப்புகிற நாள். அவர்கள் முன்னால் நான் இரண்டு குதி குதித்து இறங்கிச் சாவியைக் கொடுக்க வேண்டும். அவள் சிரிக்க மாட்டாள். அதுதான் தாங்காது. சிரித்தால் சண்டை போடலாம்.

09:50

பாதி வழியைத் தாண்டி வட்டம் அடித்துக்கொண்டிருக்கிறேன். பயிற்சி. இடது வட்டம் பத்து, வலது வட்டம் பத்து. கைப்பொருத்தம் 66. இன்னும் கொஞ்சம் ஏறினால் போகலாம்.

10:25

71! இதற்கு முன் நான் தொடாத எண். தனியாகக் கத்தினேன். பெட்டி அதையும் எழுதியிருக்கும், இருக்கட்டும்.

பேட்டரி 23. தெற்கே திரும்பினேன்.

10:52

தென்கரைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். வானொலிப் பேச்சைப் பதிகிறேன்.

பிலோமி: "அண்ணாச்சி, எங்க நிக்கிய? இங்கன எல்லாரும் சுண்டல வச்சிக்கிட்டு ஒங்கள எதிர்பாத்து நிக்கோம்."

நான்: "வந்துக்கிட்டே இருக்கேன் தாயி. எறங்க ஆரம்பிக்கப் போறேன்."

பிலோமி: "பேட்டரி எவ்வளவு காட்டுது?"

நான்: "பதிமூணு."

பிலோமி: "பதிமூணா? முப்பதுல்லா இருக்கணும். எங்க சுத்துனிய?"

நான்: "மூட்டம்."

10:56

வினாடிக்கு இரண்டு மீட்டர் வீதம் மூன்று நிமிடமாக இறங்குகிறேன். முந்நூற்று அறுபது குறைந்திருக்க வேண்டும். உயரமானி நூற்று ஐம்பதுதான் குறைந்ததாகக் காட்டுகிறது. இறங்குவதை நிறுத்திப் பார்த்தேன். நான் நின்ற பிறகும் முள் தானாகக் கீழே வந்துகொண்டே இருக்கிறது. முள் உண்மைக்குப் பின்னால் நடந்து வருகிறது. அது இருநூறு என்று சொல்லும்போது நான் கண்மாய்க்குள் இருப்பேன்.

இடப்பக்கக் குமிழ் ஜன்னலில் கன்னத்தை ஒட்டிக் கீழே பார்த்தேன்.

சந்தனம் கல்லாக உறைந்திருக்கிறது. நடுவில் மயிரிழை வெடிப்பு. அதன் வழியாகத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று போகிறது. அந்த மூன்று துளையும் அவள் பெயருக்கு நேர் கீழே இருக்கின்றன. எனக்குத் தெரியும். துளை போட்டவனே நான். முந்தாநாள் சோதித்தவனும் நான். நேற்று அங்கே கையை வைத்தபோது என் கண்ணில் அவள் பெயர் மட்டும்தான் தெரிந்தது.

10:59

நான்: "பிலோமி, உயரமானி சோம்புது."

பிலோமி: "சோம்புதுன்னா? துளைய பாத்தியளா?"

நான்: "பாத்துட்டேன். முந்தாநாளு."

பிலோமி: "முந்தாநாளா? இன்னைக்கிப் பாக்கலியா?"

நான்: "பூசை போட்ட வண்டிய எப்படித் தொட?"

பிலோமி: "சரி, போவட்டும். துளை மேல ஏதும் ஒட்டியிருக்கா? ஜன்னல்ல எட்டிப் பாருங்க."

நான்: "பாத்தேன். ஒண்ணும் இல்ல."

இதைக் கண்டெடுப்பவருக்கு: பொய் சொன்னேன். நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, உன் பெயரை மறைக்கப் பூசினேன் என்று எப்படிச் சொல்வது?

11:02

பிலோமி: "அண்ணாச்சி, நல்லாக் கேளுங்க. முள்ள நம்பாதிய. மேல ஏறிச் சுத்துததுக்குப் பேட்டரி பத்தாது. கண்மாயும் கண்ணாடி மாரி கெடக்கு, அத வச்சும் ஒசரம் தெரியாது. பழகுன கைக்கு மாத்திருங்க."

நான்: "அதுக்கும் இந்த முள்ளுதானே வழி?"

பிலோமி: "இல்ல அண்ணாச்சி. நான் முள்ளப் பாத்து எறக்குறதே இல்ல. தரைக்குக் கிட்ட வந்தா றெக்கைக்கு அடியில காத்து மெத்த மாரி தட்டும். தட்டுன ஒடனே மூக்க லேசாத் தூக்கணும், தளம் வார வரைக்கும் அது மேலயே மெதந்து வரலாம். எங்கையி அதத்தான் செய்யும். அது அப்படித்தான் பழகியிருக்கு. நீங்க கைய எடுத்துட்டுச் சும்மா இருங்க. அது கொண்டாந்து சேத்துரும்."

11:04

பொத்தானை அழுத்தினேன். கையை எடுத்தேன்.

திரையில்: ஓட்டுபவர், பிலோமினா.

உடனே அடங்கியது. என் கையில் மூன்று மணி நேரம் நடுங்கிக்கொண்டே வந்த விமானச் சட்டம், அவள் கை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கத் தொடங்குகிறது. ஆள் இல்லாமலே ஓட்டும் பிடி என் முழங்காலுக்கு நடுவே மெல்ல அசைகிறது. இல்லாத ஒருத்தியின் மணிக்கட்டு. நான் கோத்த விமானத்தில் நான் சரக்கு.

பேட்டரி 8. பிழைத்துக்கொள்வேன் என்று தெரிகிறது.

11:06

பிலோமி: "நல்லா வாரிய அண்ணாச்சி. எனக்குச் சத்தம் கேக்கு. ஒண்ணு சொல்லட்டா? வானொலிய எங்காதுக்கு மட்டும் மாத்திட்டேன், வேற யாரும் கேக்கல. பழகுன கை எறக்குச்சின்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அண்ணாச்சிதான் எறக்குனாவன்னு சொல்லிருதேன். போதுமா? தென்துருவத்துக்கும் நான் ஒண்ணும் கண்டிப்பாப் போவணும்னு இல்ல. ஒங்களுக்கு அது எம்புட்டு உசுருன்னு எனக்குத் தெரியாதா?"



தெரிந்திருக்கிறது. இவ்வளவு நாளும் தெரிந்திருக்கிறது. நான் ஜன்னலில் நின்று பார்ப்பதும், 58-ஐ அழிக்க முடியுமா என்று கணினியைக் குடைந்ததும் எல்லாம் தெரிந்துதான் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். விமானத்தைத் திருப்பித் தருகிறாளாம். இறக்கியவன் என்ற பெயரையும் தருகிறாளாம். கேட்காமலே தருகிறாள். ஓட்டுவதில்தான் என்னைவிட மேல் என்று நினைத்திருந்தேன். நல்லவளாக இருப்பதிலுமா?

திட்டியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

11:07

பொத்தானை விடுவித்தேன். ஓட்டுபவர், தவசிமுத்து.

பிலோமி: "அண்ணாச்சி, சத்தம் மாறுது. கைய வச்சிட்டியளா? வைக்காதிய. அண்ணாச்சி, எடுங்க. கடவுளே, எடுங்க அண்ணா"

வானொலியை அணைத்துவிட்டேன்.

11:08

உயரமானி 130. பொய் என்று தெரியும். பாதி என்று வைத்துக்கொள்கிறேன், அறுபத்தைந்து. கணக்கு எனக்கு வரும். முப்பது வருடம் கணக்கில்தான் சாப்பிட்டிருக்கிறேன். தளம் வர இன்னும் எண்ணூறு மீட்டர். வேகம் சரி. கை நடுங்கவில்லை. உண்மையாகவே நடுங்கவில்லை. இப்படி ஒருநாளும் பறந்ததில்லை. அவர்கள் எல்லாரும் பார்க்கட்டும், அவளும் பார்க்கட்டும்.

உயரமானி 120. அறுபது. இன்னும் நேரம் இருக்கிறது.

அடியில் ஏதோ தூக்குகிறது. மெதுவாக, இரண்டு இறக்கையையும் சேர்த்து. அதற்குள்ளா? அறுபது என்றுதானே கணக்கு. மெத்தை என்றாளே, இதுவா? எவ்வளவு நன்றாக இருக்கிறது, பிலோமி, இத்தனை நாளும் உனக்கு இப்படியா இருந்தது, மூக்கைத் தூக்க வேண்டும், இப்போது, தூக்கு, தூக்